திருகோணமலை மாணவர் படுகொலை, 2006

திருகோணமலை மாணவர் படுகொலை என்பது, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலை நகரில் 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வாகும். இலங்கைக் காவல்துறையின் துணை இராணுவப் பிரிவான சிறப்பு அதிரடிப்படையினர் மீது இக்கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

சிறப்பு அதிரடிப்படை

இலங்கையில் இப்படையை விசேட அதிரடிப்படை என்பர். 1983 இனக்கலவரத்தை அடுத்து உள்நாட்டுப் போர் விரிவடைந்த காலத்தில் இது வளர்க்கப்பட்டது. 'கீனி மீனி சர்வீசஸ்' என்ற பிரித்தானியத் தனியார் நிறுவனம் இதற்குப் பயிற்சி அளித்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களே இதன் முக்கியக் களங்களாக இருந்தன. 1987 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலாளர் உள்ளிட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதற்கும் இப்படையே காரணம் என மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின.

நிகழ்வு

2002இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாடு 2006 தொடக்கத்தில் பெயரளவில் நடைமுறையில் இருந்தது. அன்று மாலை கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே நண்பர்கள் சிலர் கூடியிருந்தனர். அனைவரும் சுமார் இருபது வயதினர். ஆட்டோ ஒன்றிலிருந்து வீசப்பட்ட கையெறிகுண்டு வெடித்து அவர்களில் சிலர் காயமடைந்தனர். பின்னர் அங்கு வந்த சீருடையினர் அவர்களை அடித்து, சுட்டனர். ஐவர் இறந்தனர், இருவர் காயங்களுடன் உயிர் தப்பினர்.

மாணவர்கள் தாங்களே கொண்டுவந்த குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு முதலில் கூறியது. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் இதைப் பொய்யாக்கின. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை அவை காட்டின. அதே மாதம் 24ஆம் நாள் சுகிர்தராஜன் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விசாரணையும் தீர்ப்பும்

இறந்த மாணவர் ஒருவரின் தந்தையான மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் வெளிப்படையாகச் சாட்சியம் அளித்தார். மிரட்டல்களால் குடும்பத்துடன் நாட்டை விட்டு வெளியேறிய அவர், வெளிநாட்டிலிருந்து நீதிக்கான முயற்சியைத் தொடர்ந்தார்.

முன்னாள் நீதியரசர் உடலாகம தலைமையிலான ஆணைக்குழு இக்கொலையையும் விசாரித்தது. சீருடையினருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருத வலுவான காரணங்கள் உள்ளன என்பது அதன் முடிவு. அவ்வறிக்கை 2015இல்தான் வெளியானது. அதற்கு முன், 2013 ஜூலையில் அதிரடிப்படையினர் 12 பேர் கைதாகி, சில மாதங்களில் பிணையில் வந்தனர். 2019 ஜூலை 3 அன்று, போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் திருகோணமலை நீதிமன்றம் விடுவித்தது. முக்கியச் சாட்சிகள் பலர் அச்சத்தால் நாட்டை விட்டுச் சென்றிருந்தனர்.

ஒப்பீடு: 'ஸ்கார்பியன்ஸ்' வழக்கு

செர்பியாவின் 'ஸ்கார்பியன்ஸ்' என்ற துணை இராணுவப் பிரிவு 1995 ஜூலையில், ஸ்ரெப்ரெனிக்கா வீழ்ந்த பின், சிறுவர்கள் உள்ளிட்ட ஆறு பொசுனிய முஸ்லிம்களைத் திர்னோவோ அருகே சுட்டுக் கொன்றது. அதை அப்பிரிவினரே காணொளியாகப் பதிவு செய்திருந்தனர். 2005 ஜூன் 1 அன்று தி ஹேக் நகரில், மிலோசெவிச் மீதான வழக்கில் அக்காணொளி காட்டப்பட்டது. 2007இல் பெல்கிரேடு நீதிமன்றம் நால்வருக்குத் தண்டனை விதித்தது. பிரிவின் தலைவர் ஸ்லோபொதான் மெதிச்சுக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது.

பெல்கிரேடு வழக்கில் கொன்றவர்களின் முகங்களே சான்றாக இருந்தன. திருகோணமலைப் புகைப்படங்கள் மாணவர்கள் எப்படி இறந்தனர் என்பதை மட்டுமே காட்டின. சுட்டவர் யார் என்பதைச் சொல்ல, கண்டவர்கள் அச்சமின்றி நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காததே வழக்கின் முடிவைத் தீர்மானித்தது.