ராத்திரி பல்வலிக்கு எங்கே போவது?

பகலெல்லாம் விட்டுவிட்டு வலித்த பல், விளக்கை அணைத்துப் படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். இது மனப்பிரமை இல்லை. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடும். ஏற்கெனவே அழன்றிருக்கும் பல்லுக்குள்ளும் அது ஏறும். தலையணையை இரண்டாக அடுக்கிச் சாய்ந்துகொண்டால் கொஞ்சம் தேவலை என்று பலர் சொல்வது இதனால்தான். கவனத்தைத் திருப்ப இரவில் வேறு வேலையும் இல்லை.

காலில் அடிபட்டால் கால் வீங்கும். பல்லுக்குள் வீங்க இடமே கிடையாது. நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பல்கூழ், அதைச் சுற்றி டென்டின், அதற்கும் மேலே எனாமல். எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. ஆனால் அதில் உயிரணு கிடையாது. எனவே ஒடிந்த எலும்பு கூடுவதுபோல், குழி விழுந்த எனாமல் கூடாது. வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரித்து, டென்டினின் நுண்குழல்கள் வழியாகக் கிருமிகள் கூழை எட்டும்போது கூழ் அழல்கிறது. வெளியேற வழியில்லாத அந்த அழுத்தம்தான் நம்மைச் சுவரில் முட்டிக்கொள்ள வைக்கிறது.

சில நாள் கழித்து வலி சட்டென்று நின்றுவிடும். கிராம்பு கேட்டது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும் என்பது உண்மை. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையிலும் அது உண்டு. ஆனால் வலி நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: கூழ் செத்துவிட்டது. கிருமிகள் சாகவில்லை. அவை வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டத் தொடங்குகின்றன. சொத்தைப் பல்லைப் பொறுத்தவரை, வலி போனது நல்ல செய்தி அல்ல.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருமுனை மெடிக்கலில் பல்வலி என்று சொன்னால் இரண்டு மூன்று மாத்திரைகளை வெட்டித் தருவார்கள். அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும். செத்த கூழுக்கு இரத்த ஓட்டம் இல்லை; மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? உடனே பல் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டியது. விடியும்வரை தாக்குப்பிடிக்க ஐபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் நன்றாகவே உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரூஃபென் பக்கம் போகக் கூடாது. ஆஸ்பிரினை ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; ஈறு வெந்துபோகும்.

உண்மையில் வேண்டியது கைவேலை. மரப்பு ஊசி போட்டு, பல்லைத் திறந்து, கூழை எடுத்து, அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். அல்லது பல்லையே எடுத்துவிட வேண்டும். அரைமணி, முக்கால் மணி வேலைதான். ஆனால் அதற்கு நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே, உதவியாளர் எல்லாம் தேவை. தனியார் கிளினிக்கில் இந்த முதலீடு மருத்துவரின் கைக்காசு அல்லது வங்கிக் கடன். அது நோயாளியின் பில்லில்தான் வந்து விடியும். வேர் சிகிச்சையும் அதற்கு மேல் கேப்பும் சேர்ந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தில் பெரும்பகுதி காலி. மருத்துவக் காப்பீடு வைத்திருந்தாலும், விபத்தில் உடைந்த பல்லுக்குத்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும், சொத்தைக்குக் கிடைக்காது. பிடுங்கச் சில நூறு, காப்பாற்றச் சில ஆயிரம் என்றால் கையில் காசில்லாதவர் எதைச் சொல்வார்? ஏழைகளின் பொக்கை வாய்க்குப் பல் துலக்காததைக் காரணம் காட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

இத்தனைக்கும் ஆள் பஞ்சம் இல்லை. இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் 300-க்கும் மேல். பி.டி.எஸ். முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனவர்களைச் சென்னையில் தாராளமாகப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்குப் போனால் பணியில் இருக்கும் பொது மருத்துவர் வலி ஊசி போட்டு, காலையில் பல் டாக்டரைப் பாருங்கள் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பல்லைத் திறக்கும் கருவியோ பயிற்சியோ அவரிடம் இல்லை. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இரவுப் பணிக்கு ஒரு பல் மருத்துவர், ஒரு நாற்காலி: இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வலியைத் தீர்க்கும் திட்டம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை பகலிலாவது கிடைப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1953-இல் தொடங்கிய சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தவிர, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் கிளினிக்கைவிட மலிவு. மாணவர்கள் தேர்வுக்கு முன் இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல் எடுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நோயாளி அவர்களுக்குத் தேவை. பேராசிரியர் மேற்பார்வையில்தான் செய்வார்கள். நேரம்தான் இழுக்கும்.

சொத்தை கூழை எட்டும் முன்பே நிறுத்த, டிரில்லே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைக் குழியில் தடவினால் சொத்தை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். தடவிய இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். உலக சுகாதார அமைப்பு 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளின் பால் பற்களுக்கு இது நல்ல வரம்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பல்லுக்கும் பார்வைக்கும் தனித்தனி நரம்பு. கண்ணுக்கு ஆபத்து வருவதென்றால் அது எடுக்காமல் விட்ட சீழ்ப்பல்லால்தான் வரும். மேல்தாடைத் தொற்று சிரைகள் வழியே கண்குழிக்கும், அரிதாக மூளைக்கும் போய்விடும். அமெரிக்காவின் மேரிலாந்தில் 2007-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படித்தான் இறந்தான். பல்லை எடுக்க 80 டாலர் போதுமாக இருந்தது. இரண்டு மூளை அறுவை சிகிச்சைகளும் வாரக்கணக்கான மருத்துவமனை வாசமுமாக இரண்டரை லட்சம் டாலர் வரை செலவானது. பிள்ளை பிழைக்கவில்லை. 2009-இல் அந்த நாடு, ஏழைக் குழந்தைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கியது.

கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் வேறு பாதையில் போகும். நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் இறங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைக்கும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் விவரித்த நோய் இது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே பல்வலியோடு தாடைக்கு அடியில் கட்டியாக வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கத் திணறல், குரல் மாற்றம், கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது சேர்ந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் மூச்சுக்கு வழி செய்வார்கள். பல்லை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.