பழி சுமந்த நார்ச்செடி

சாக்கு நெய்ய உதவும் சணலை நாம் அறிவோம். நெல் அறுத்த வயலிற் பசளைக்காக விதைக்கப்பட்டு, மஞ்சட்பூவுடன் நிற்கும் சணலையும் யாழ்ப்பாணத்து வாசகர் அறிவர். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' எனப்படுவது இவ்விரண்டும் அன்று. அது கஞ்சாச் செடியின் உடன்பிறப்பு. தாவர நூலார் இரண்டிற்கும் ஒரே பெயரையே வழங்குவர். அவ்வுறவே அதற்கு வினையாய் முடிந்தது. நாம் இங்கே அதனை நார்க்கஞ்சா என அழைப்போம்.

நார்க்கஞ்சாவில் மயக்கந் தரும் பொருள் மிகச் சொற்பம். நெருக்கி விதைத்தால் கிளைவிடாது, ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஆளின் இருமடங்கு உயரத்திற்கு வளரும். பாய்க்கப்பற் காலத்தில் மேனாட்டுக் கடற்படைகளின் உயிர்நாடி இதுவே. திரபல்கார்ப் போரில் நெல்சன் ஏறிநின்ற 'விக்ரறி' என்னும் கப்பலில் 26 மைல் நீளமான கயிறு கட்டப்பட்டிருந்ததாம். கித்தானைக் குறிக்கும் 'கன்வஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இச்செடியின் இலத்தீன் பெயரினின்றே பிறந்தது.

நாரெடுக்கும் முறை நமக்குப் புதிதன்று. தேங்காய் மட்டையை நீரில் ஊறப்போட்டுத் தும்பு அடிப்பதை ஒத்ததே அது. அமெரிக்காவின் கென்ரக்கி நாட்டுழவர் தண்டுகளை அறுத்து வயலிலேயே பரப்பிவிடுவர்; பனியும் மழையும் அவற்றைப் பதப்படுத்தும். பின் தண்டை நொறுக்கினால் நார் தனியே பிரியும். எஞ்சுவது மரம்போன்ற சக்கை. அச்சக்கையின் பெரும்பகுதி எரிக்கப்பட்டது.

இந்த வீணைக் கண்டு வருந்தியவர் லிஸ்ரர் டூயி என்னும் தாவர அறிஞர். அமெரிக்க விவசாயத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர், 1916ஆம் ஆண்டில் மெரில் என்பாருடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். சக்கையிலிருந்து தாள் செய்யலாம். இருபது ஆண்டுக் காலத்தைக் கணக்கிட்டால், ஓர் ஏக்கர் நார்க்கஞ்சா நான்கு ஏக்கர் காட்டிற்கு ஈடாகும் என்பது அதன் சாரம். அவ்வறிக்கையே அச்சக்கையினாற் செய்த தாளில் அச்சிடப்பட்டது! ஆர்லிங்டன் பண்ணையில் அவர் பல்லாண்டு பாடுபட்டுப் புதிய விதையினங்களையும் உருவாக்கினார்.

1937இல் கஞ்சா வரிச் சட்டம் பிறந்தது. நார்ப்பயிரை அது நேரே தடுக்கவில்லை. எனினும் பதிவும் சோதனையும் கண்டு உழவர் கையைச் சுருக்கிக்கொண்டனர். செல்வர் சிலரின் சதியே இச்சட்டம் எனக் கூறுவாரும் உளர். அதற்குத் தக்க சான்று உண்டென நாம் கருதவில்லை. மலிவான சணலும் மணிலா நாரும் பருத்தியும் முன்னரே இதன் சந்தையைப் பறித்திருந்தன.

யப்பானியர் பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றியதும் மணிலா நார் வரத்து நின்றது. உடனே அதே அரசாங்கம், 'வெற்றிக்கு நார்க்கஞ்சா' என்ற பொருளில் 1942இல் ஒரு படம் எடுத்து, விதைக்குமாறு உழவரை வேண்டியது. 42 ஆலைகள் எழுந்தன. 1943இல் 1,40,000 ஏக்கருக்கு மேல் அறுவடையாயிற்று. போர் முடிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் இரு செடிகளையும் ஒன்றாகவே எண்ணியது.

பிரான்சு தேசம் இப்பயிரைக் கைவிடவில்லை. அங்கே 1980ஆம் ஆண்டுகளில், பழைய மரச்சட்ட வீடுகளைப் புதுக்குவோர் சக்கையைச் சுண்ணாம்புடன் குழைத்துச் சுவர் நிரப்பக் கற்றனர். அச்சுவர் இலேசானது, வெப்பத்தையுங் குளிரையும் தடுப்பது, செடி காற்றிலிருந்து உண்ட கரியைத் தன்னுள்ளே அடக்கிவைப்பது. ஆயினும் அது பாரந் தாங்காது, மரச்சட்டம் இன்றியமையாதது. வயலிலும் இச்செடிக்கு நற்பெயர் உண்டு. தன் நிழலால் களையை அடக்குவதால் களைநாசினி பெரும்பாலும் வேண்டியதில்லை. பருத்தியினும் குறைந்த நீரே போதும். எனினும் குளத்தில் ஊறப்போட்டால் நீர் கெட்டு மீன் மாளும். தும்புக் குழியின் நாற்றம் அறிந்தவர்க்கு இதை விரிக்க வேண்டுவதில்லை.

அமெரிக்கா 2018இல், மயக்கப்பொருள் நூற்றுக்கு 0.3 பங்கினைத் தாண்டாத செடியைத் தடையினின்றும் விடுவித்தது. உழவர் ஆவலுடன் விதைத்தனர். ஆனால் நாருக்கென விதைத்தவர் சிலரே. மருந்தெண்ணெய்க்கென விதைத்தவரே பலர். ஓரிரு ஆண்டுகளில் விலை வீழ்ந்தது. நாரை நாடியோர்க்கோ அண்டையில் ஆலை இல்லை. தண்டை நொறுக்கும் பொறிகளையும் விதைகளையும் பிற தேசங்களினின்று தருவிக்க நேர்ந்தது. டூயி பேணிய விதையினங்கள் அதற்கு வெகுகாலம் முன்னரே அழிந்துபோயிருந்தன.