பச்சை குத்திய இடத்தில் பருவா? கிள்ளாதீர்கள், கவனியுங்கள்!



சுங்கை சோ, ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறைப் பெண்கள் சிலரின் முன்கையில் மங்கலான பச்சை நிறத்தில் புள்ளிகளோ சிறு கோலமோ இருக்கும். கேட்டால், “சின்ன வயசுல ஊர்ல குறத்தி குத்தினது” என்பார்கள். இன்று அதே குடும்பத்தில், வேலைக்குப் போகும் அண்ணன் தோள்பட்டையில் வேல் ஒன்றைக் குத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து அந்த வேலின் மேல் சின்னச் சின்னப் பருக்கள் தெரிகின்றன.

“மஞ்சளை அரைத்துப் பூசு” என்கிறார் அம்மா. “பற்பசை தடவு, காய்ந்துவிடும்” என்கிறார் நண்பர். அண்ணனோ கண்ணாடி முன் நின்று, இரண்டு விரலால் பிதுக்கத் தயாராகிறார்.

இந்த மூன்றில் எது சரி? மூன்றுமே சரியில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் தோலுக்குள் எட்டிப் பார்ப்போம்.

மை எங்கே தங்குகிறது?

நம் தோலில் மேலே இருப்பது மேல்தோல். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். மேல்தோல் மிக மெல்லியது. அதன் உயிரணுக்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழையவை போய்ப் புதியவை வந்துவிடும். மையை மேல்தோலில் மட்டும் வைத்தால் அதுவும் உதிர்ந்துவிடும். மருதாணி சில வாரங்களில் மறைந்துபோவது இதனால்தான்.

பச்சை குத்தும் ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கி, மையை உள்தோலில் விடுகிறது. உடலுக்கு அந்த மை ஓர் அந்நியப் பொருள். உடனே ‘மேக்ரோஃபேஜ்’ என்னும் வெள்ளையணுக்கள் ஓடிவந்து மைத் துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்திருக்கும். மைத் துகளைச் செரிக்க முடியாது. அதனால் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன.

அந்த வெள்ளையணு செத்துப்போனால் மை என்ன ஆகும்? பிரான்சில் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்திப் பார்த்து 2018-இல் இதற்கு விடை சொன்னார்கள். சாகும் அணு மையை வெளியே விடுகிறது. பக்கத்தில் வரும் புதிய அணு அதை விழுங்கிக்கொள்கிறது. படம் அசையாமல் இருப்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே மை ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

பாட்டியின் கையில் குத்தியது உண்மையில் கரி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டில் அந்த மையைச் செய்த முறையை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டிக் குழைத்தால் மை தயார். கரி கறுப்பாயிற்றே, கையில் ஏன் பச்சையாகத் தெரிகிறது? தோலுக்கு அடியில் இருக்கும் கறுப்பின் மேல் ஒளி படும்போது, சிவப்பு ஒளி உள்ளே போய் உறிஞ்சப்படுகிறது. நீலப் பக்கத்து ஒளி தோலில் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ‘பச்சை’ என்ற பெயருக்குப் பின்னால் இப்படி ஓர் இயற்பியல் இருக்கிறது.

பரு எங்கே பிறக்கிறது?

பரு பிறக்கும் இடம் மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கும். எண்ணெயும் செத்த உயிரணுக்களும் சேர்ந்து துளையை அடைத்தால், உள்ளே பாக்டீரியா பெருகும், வெள்ளையணுக்கள் வந்து சேரும், சிவந்து வீங்கும். அதுதான் பரு.

மயிர்க்கால் மேலிருந்து உள்தோலுக்குள் இறங்கும் ஒரு குழாய். மையோ குழாய்க்கு வெளியே, சுற்றியுள்ள உள்தோலில் இருக்கிறது. எனவே பரு தானாக வந்து தானாக ஆறினால் படத்துக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. விரலால் பிதுக்கினால் நிலைமை வேறு. குழாயின் சுவர் உள்பக்கமாக உடைந்து, சீழும் கிருமியும் மை இருக்கும் இடத்துக்கே போய்விடலாம். பிறகு தழும்பு விழும். படத்தில் திட்டு விழும். முகப்பருவைக் கிள்ளாதே என்று ஆசிரியர் சொல்வதற்கும் காரணம் இதே குழாய்தான்.

புதிய பச்சை என்பது காயம்

புதிதாகக் குத்திய பச்சையை ஓவியமாகப் பார்க்காமல் காயமாகப் பாருங்கள். ஊசி ஆயிரக்கணக்கான சிறு துளைகளைப் போட்டிருக்கிறது. முதல் சில நாள் சிவப்பும் வீக்கமும், அடுத்த ஓரிரு வாரம் தோல் உரிதலும் அரிப்பும் இருப்பது இயல்பு. மேற்பரப்பு ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுதாக ஆறச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

அந்த வாரங்களில் பரு வருவதற்கு நம் ஊரில் காரணங்கள் நிறைய. குத்துவதற்கு முன் முடியை மழித்திருப்பார்கள், மயிர்க்கால்கள் எரிச்சலடைந்திருக்கும். “காயாமல் இருக்கட்டும்” என்று களிம்பை அப்பியிருப்பார்கள், துளைகள் அடைபடும். இத்தோடு நம் புழுக்கம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரின் சட்டை காலை பத்து மணிக்கெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வையும் உராய்வும் தூசியும் சேர்ந்தால் பருவுக்குக் கேட்கவா வேண்டும்?

இத்தகைய சிறு பருக்களுக்குத் தேவையானது எளிய பராமரிப்பு. கையைக் கழுவிவிட்டு, வாசனையில்லாத மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவ வேண்டும். தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரப்பதம் தரும் கிரீமை மெல்லிய படலமாக மட்டும் தடவலாம். தளர்வான பருத்திச் சட்டை நல்லது. ஆறும் வரை ஆற்றுக் குளியலும் நீச்சல் குளமும் வேண்டாம். முகப்பருவுக்கு விற்கும் மருந்துகளையும் ஆறாத பச்சையில் தடவக்கூடாது. திறந்த காயத்தை அவை எரிச்சல்படுத்தும்.

மஞ்சள்? அந்தக் காலத்திலும் குத்தி முடித்ததும் எண்ணெய் தடவி மஞ்சள் பூசினார்கள் என்று தர்ஸ்டன் குறிப்பிடுகிறார். மஞ்சளைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கலாம். ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல. அதைத் திறந்த காயத்தில் போடுவது, காயத்துக்குள் தூசியைப் போடுவது போலத்தான். பற்பசைக்கும் இதே பதில்.

சுத்தமான தண்ணீர் செய்த வேலை

எல்லாப் பருவும் அடைபட்ட துளை அல்ல. 2011-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ரோசெஸ்டர் என்னும் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பச்சை குத்திக்கொண்ட சிலருக்கு மூன்று வாரத்துக்குள் சிவந்த பருக்கள் தோன்றின. வாரங்கள் போயும் ஆறவில்லை. கடையோ சுத்தமாக இருந்தது. விசாரித்தபோது, சாம்பல் நிற மையில் ‘மைக்கோபாக்டீரியம் செலோனே’ என்னும் பாக்டீரியா இருந்தது தெரிந்தது. இது காசநோய்க் கிருமியின் உறவு. நீரிலும் மண்ணிலும் வாழ்வது. மொத்தம் 19 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

கறுப்பு மையைச் சாம்பல் நிறமாக்கக் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்திருந்தார்கள். அந்த நீரே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சந்தேகம் எழுந்தது. அறிவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. காய்ச்சி வடித்த நீரில் உப்புகள் இருக்காது. ஆனால் அது கிருமியற்ற நீர் என்று பொருளல்ல. புட்டியில் அடைக்கும்போதும் திறக்கும்போதும் கிருமி நுழையலாம். 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கடையில் விற்கும், இன்னும் திறக்கப்படாத 75 மைப் புட்டிகளைச் சோதித்தார்கள். 26 புட்டிகளில் பாக்டீரியா இருந்தது.

இத்தகைய தொற்றுக்கு வழக்கமான மாத்திரைகள் பல நேரம் பயன்படாது. தோலில் சிறு துண்டை எடுத்துச் சோதித்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடித்துத்தான் மருத்துவர் மருந்து தருவார். “வெறும் பருதானே” என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டால் சிகிச்சையும் நீளும்.

ஆறிய பச்சையில் பரு வந்தால்?

முழுதாக ஆறிய பச்சை, மற்ற இடத்துத் தோலைப் போன்றதே. அதில் ஓரிரு பரு வந்தால் மற்ற இடத்துப் பருவைப் போலவே கவனிக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பருக் கிரீம்கள் மேல்தோலிலும் மயிர்க்காலிலும் வேலை செய்பவை. சரியாகப் பயன்படுத்தினால் ஆழத்தில் இருக்கும் மையை அவை அழிப்பதில்லை. எதைத் தடவலாம் என்று மருந்தாளரைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். மேடும் அரிப்பும் படத்தின் ஒரே நிறத்தில் மட்டும் இருக்கின்றனவா? குறிப்பாகச் சிவப்பில்? அப்படியானால் அது பரு அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். முன்பு சிவப்பு மையில் பாதரசச் சேர்மம் கலந்திருந்தது. இப்போது பெரும்பாலும் கரிமச் சாயங்கள். வெயில் படப்பட இச்சாயங்கள் சிறு சிறு வேதிப்பொருள்களாக உடையலாம். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரியாக நினைத்துத் தாக்கலாம். அதனால்தான் மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் இது தொடங்குகிறது. மை உள்ளேயே இருப்பதால் தானாகவும் எளிதில் போகாது. தோல் மருத்துவரிடம் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது இத்தகைய கவலைகளால்தான்.

உங்கள் கைக்கு வரும் ஆபத்து

“எனக்குத்தான் பச்சை இல்லையே” என்கிறீர்களா? உங்களில் பலருக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. பொறுப்புள்ள கடைக்காரர் உங்களுக்குக் குத்தவும் மாட்டார். ஆனால் விழாக் காலச் சந்தைகளில் ‘கறுப்பு மருதாணி’ என்று ஒன்றைப் போடுகிறார்களே, அதைக் கவனியுங்கள். மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம். சில நிமிடத்தில் கன்னங்கரேல் என்று பிடித்தால் அதில் முடிச்சாயத்துக்கான ‘பிபிடி’ என்னும் வேதிப்பொருள் சேர்ந்திருக்கலாம். சிலருக்குச் சில நாளில், போட்ட கோலத்தின் வடிவிலேயே கொப்புளம் எழும். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். பின்னாளில் முடிச்சாயம் பூசும்போது கடுமையாகத் தாக்கலாம்.

மூன்று கேள்விகள்

பச்சை மேல் எது எழுந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

எப்போது வந்தது? குத்திய சில வாரத்துக்குள்ளா, ஆறிய பிறகா?

எங்கே வந்தது? அங்கொன்றும் இங்கொன்றுமாகவா, ஒரே நிறத்தில் மட்டுமா?

எப்படிப் போகிறது? நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா?

சில நாளில் குறைந்தால் பெரும்பாலும் சாதாரணப் பரு. கழுவி, உலர்த்தி, கையை எடுத்துவிடுங்கள். சிவப்பு பரவினால், வலி கூடினால், சீழோ துர்நாற்றமோ வந்தால், உடனே சுகாதாரக் கிளினிக்குக்குப் போக வேண்டும். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிவப்புக் கோடு மேலே ஏறினாலும் அன்றே போக வேண்டும். மறுநாள் வேலை முடிந்து போகலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மூன்று வாரமாக ஆறாமல் இருக்கும் பருவையும் காட்டிவிடுங்கள். எப்போது, எங்கே குத்தியது, எந்த நிற மை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் திட்டுவார்களோ என்று பச்சையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, அதோடு தொற்றையும் மறைப்பவர்கள் உண்டு. உங்கள் அண்ணனோ அக்காவோ அப்படி மறைப்பது தெரிந்தால், அவரைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். தயங்கினால் கூடவே போங்கள்.

இன்னொன்று. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி கிருமிகளும் பரவும். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுவதால் உங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கோ தடுப்பூசியே இல்லை. ஆகவே நாளை நீங்கள் பெரியவர்களாகி ஒரு கடைக்குப் போனால், படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன்னே பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, கண்ணாடி முன் நிற்கும் அண்ணனுக்கு என்ன சொல்வீர்கள்? கையை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.