விளக்கிற்கு எண்ணெய் உண்டா?

மின்கம்பம் சாய்ந்தால் வீடு இருளும். கைபேசிக் கோபுரம் ஓய்ந்தால் ஊரே ஊமையாகும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், இவ்வுண்மையை ஒரத்தநாட்டு மக்களுக்குக் கசப்புடன் கற்பித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பட்டுக்கோட்டையில் வாழும் மகள் நலமா என்று அறியவும் வழியின்றித் தாய்மார் தவித்தனர்.

அவ்வேளைகளில் உதவக்கூடிய கலை ஒன்று உண்டு. அதுவே ஹாம் வானொலி. அரசின் தேர்வெழுதி, உரிமமும் அழைப்புக் குறியீடும் பெற்றவர்கள், ஊதியம் கருதாது தம் சொந்தக் கருவியால் கம்பியின்றி உரையாடுகின்றனர். அவர்களுக்குக் கோபுரமும் இணையமும் வேண்டுவதில்லை.

வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில், ஹாம் வானொலியர் குழுக்களாக வெட்டவெளியில் முகாமிட்டு இரவும் பகலும் பயிற்சி செய்கின்றனர். இடர் நல்ல பருவம் பார்த்து வருவதில்லையே!

இதன் பயனை நம் நாடே கண்டுள்ளது. 2004 டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழுவொன்று, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. உலகெங்கும் உள்ள வானொலியரோடு உரையாடி மகிழ்வதே அதன் நோக்கம். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது. நம் வேளாங்கண்ணியில் திருப்பயணிகளை அலை வாரிச் சென்றதும் அந்நாளில்தான். தொலைபேசி அடங்கிய தீவிலிருந்து, அக்குழுவினரே உயிர் பிழைத்தோர் செய்தியை உறவினர்க்கு எட்டச் செய்தனர். மகிழ்ச்சிக்கென விரித்த கம்பி, மக்களைக் காக்கும் கயிறாயிற்று.

நம் பங்கின் இளைஞரும் உரிமம் பெற்ற வானொலியரை அழைத்து, மார்கழியிலோ தையிலோ ஒரு சனி, ஞாயிறு இத்தகைய பயிற்சி நடத்தலாம். சம்பா அறுவடை வேலையைக் கருதி, பெரியோரைக் கலந்தே நாள் குறிக்கவேண்டும்.

ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவில் பிரித்த ஏறத்தாழ 20 மீட்டர் செம்புக்கம்பி போதும். இரு தென்னைகளுக்கிடையே அதை மிக உயரமாகக் கட்டவேண்டியதில்லை. தாழக் கட்டினால் அலை மேலே சென்று வானில் திரும்பி, பகலில் அண்டை மாவட்டங்களை நன்கு எட்டும். ஆயினும் பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பியின் அருகில் எக்காரணத்தாலும் கட்டலாகாது. இடி கேட்டால் உடனே கம்பியைக் கழற்றி, வேலையை நிறுத்தவேண்டும். மார்கழிப் பனியில் இணைப்புகள் நனையாதிருக்கத் தார்ப்பாய் தேவை.

மின்சாரம் இல்லை எனக் கொண்டே பயிற்சி நடைபெறவேண்டும். 12 வோல்ட் பேட்டரிகளை முன்தினமே நிறைத்து வைக்கவேண்டும். நூறு வாட் கருவி பேசுகையில் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். கேட்கையில் ஓரிரு ஆம்பியரே போதும். பேச்சைக் குறைத்துச் செவி கொடுப்போர்க்கே பேட்டரி நெடுநேரம் உழைக்கும். இது குடும்பங்களுக்கும் பொருந்தும் பாடமன்றோ?

உரிமம் இல்லாதோர் தாமாகக் கருவியை இயக்கலாகாது. எனினும் அவர்களுக்கும் பணி உண்டு. நேரத்தையும் அழைப்புக் குறியீட்டையும் பதிவேட்டில் எழுதுதல், செய்தியைச் சுருக்கிப் பிழையின்றி வரைதல், உணவு சமைத்தல், இரவுக்காவல் ஆகியவற்றை முறைவைத்துப் பகிரலாம். ஞாயிறு திருப்பலியை எவரும் இழவாதபடி அம்முறையை வகுப்பது தலைவர் கடமை.

போலந்து நாட்டுப் புனித மாக்சிமிலியன் கோல்பே இக்கலையை அறிந்தவர். வானொலி நிலையமும் அமைத்தவர். 1941-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் பிறனொருவனுக்காகத் தம் உயிரை ஈந்தார். கருவியைவிட மனிதனே பெரியவன் என்பதற்கு அவர் சான்று.

மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரும் விளக்கு வைத்திருந்தனர்; எண்ணெய் வைத்திருந்தோர் ஐவரே. நள்ளிரவில் கடை தேடி ஓடியோர்க்குக் கதவு அடைபட்டது. அடுத்த புயல் என்று வருமென நாம் அறியோம். அன்று ஒரு தாயின் கேள்விக்கு விடை கூற வேண்டுமாயின், வானம் தெளிந்த இந்நாட்களிலேயே நம் விளக்கில் எண்ணெய் வார்ப்போம்.