தரிப்பிடத்துக்குத் தார் போட முன்

மீள்குடியேறிய கிராமங்களில் கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் கூடி வேலைத்திட்டம் எழுதும்போது, சந்தைக்கு முன்னாலோ கூட்டுறவுச் சங்கத்துக்கு முன்னாலோ வாகனத் தரிப்பிடம் ஒன்றுக்குத் தார் போட வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. இதில் குற்றம் காண்பதற்கில்லை. 2009 இன் பின்னர் ஏ9 வீதியும் வேறு பல வீதிகளும் ‘காபெற்’ வீதிகளாகிவிட்டன. அந்த வீதியால் வந்து இறங்கும் லொறி நெல் ஏற்ற நிற்கும் முற்றம் மட்டும் மாரியில் சேறாகவும் கோடையில் புழுதியாகவும் கிடந்தால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? ஆனால் கூட்டங்களில் தாரின் தடிப்பும் விலையுமே பேசப்படுகின்றன. நிலம் யாருடையது, தாருக்கு அடியில் என்ன இருக்கப் போகிறது, மேலே விழும் மழை யாருடைய வளவுக்குப் போகும் என்ற பேச்சு எழுவதில்லை. செலவையும் சண்டையையும் பின்னாளில் கொண்டுவருவன இவையே.

வெறுமையாகக் கிடக்கும் காணியெல்லாம் பொதுக்காணி அல்ல. இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்கு இதை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சந்தியோடு ஒட்டிய மேட்டுக்காணி, வேலி இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது என்றால், அதன் சொந்தக்காரர் தமிழ்நாட்டு முகாமொன்றில் இருக்கலாம். உறுதி எரிந்திருக்கலாம், அனுமதிப்பத்திரம் இறந்துபோன தகப்பனின் பெயரில் இருக்கலாம். கிறவல் பரப்பிய நிலத்தைத் திரும்பக் கொடுப்பது எளிது. தார் போட்ட நிலத்தை எந்தச் சங்கமும் மனமுவந்து திருப்பிக் கொடுக்காது. மக்கள் ஊரில் இல்லாத காலத்தைப் பயன்படுத்தி மற்றவர்கள் காணி உரிமை கோருவதை மட்டுப்படுத்த 2016 ஆம் ஆண்டில் தனிச் சட்டமொன்றையே (5 ஆம் இலக்கம்) கொண்டுவர வேண்டியிருந்தது. பிறர் எமக்குச் செய்யக்கூடாது என்று கேட்டதை நாம் அயலவருக்குச் செய்யலாமா? கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் எழுத்தில் பதில் பெறும்வரை ஒப்பந்தகாரரை அழைக்க வேண்டாம். போர் நடந்த இடமாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டதா, எந்த ஆழம் வரை அகற்றப்பட்டது என்பதையும் கேட்டறிந்த பின்னரே பெக்கோவை இறக்க வேண்டும்.

இனித் தாரைப் பார்ப்போம். வீதியில் நாம் காணும் கறுப்புக் கலவையின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கு கல்லும் கல்தூளுமே. தார் 5 பங்குதான். கால் ஏக்கர், அதாவது யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு நிலத்துக்கு 2 அங்குலத் தடிப்பில் இந்தக் கலவையைப் பரப்ப ஏறக்குறைய 120 தொன் தேவைப்படும். இவ்வளவு கொட்டியும் அது வீட்டுக்குக் கூரை போன்றதே. பாரத்தைச் சுமப்பது அடியில் இறுக்கிய கல்லும் கிறவலும் அதற்கும் அடியில் உள்ள மண்ணும். எமது வயற்பக்கத்துக் களிமண் மாரியில் ஊதிக் கோடையில் வெடிப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன்மேல் நேரே தார் போட்டால் தாரும் சேர்ந்தே வெடிக்கும். வேரும் உக்கலும் உள்ள மேல்மண்ணை வழித்தெடுத்து, கிறவலை ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் றோலரால் இறுக்க வேண்டும். அதன்மேல் ஆறு அங்குலமாவது கலப்புக் கல் வேண்டும். ஒன்றரை அடிக் கிறவலை ஒரே நாளில் கொட்டி மேலால் உருட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். பாரம் ஏற்றிய லொறி ஒன்றை அந்தத் தரையில் மெதுவாக ஓடவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து சில்லைப் பாருங்கள். சில்லின் கீழ் தரை பதிந்து மீண்டும் எழும்பினால் அந்த இடத்தைத் திரும்பத் தோண்டச் சொல்லுங்கள்.

நீரின் கணக்கு இன்னும் பெரியது. மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது எமக்குப் புதிதல்ல. அந்த நாளில் கால் ஏக்கர் தார்த்தரையில் விழும் நீர் ஒரு இலட்சம் லீற்றர். ஐயாயிரம் லீற்றர் பவுசர்கள் இருபதுக்குச் சமம். முன்பு அதில் ஒரு பகுதியை நிலம் குடித்தது. இனி ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடும். 50 அடிக்கு 1 அடி என்ற அளவில் தரையைச் சாய்த்தால் நீர் தேங்காது. ஆனால் எந்தப் பக்கம் சாய்ப்பது? தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரைபடத்தில் வீதியோரம் ஒரு கோடு கீறுவார். அந்தக் கோட்டின் முடிவில் ஒரு விதவைத் தாயின் கொட்டில் இருப்பது வரைபடத்தில் தெரியாது. ஆகவே அடுத்த மாரியில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்று, நீர் இயல்பாக எங்கே ஓடுகிறதென்று பார்த்து, தடி நட்டு அடையாளமிடுவதே நல்ல அளவை. வடிகால் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போகுமானால், ஒழுகும் டீசலையும் எண்ணெயையும் பிடிக்க நடுவில் ஒரு தொட்டி அவசியம். கிணற்றுக்கு அருகில் ஒருபோதும் விடக்கூடாது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினையில் மக்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல.

வாகனங்கள் வீதியில் ஓடிப்போகின்றன, தரிப்பிடத்தில் நிற்கின்றன. இந்த வேறுபாட்டை மதிப்பீடு எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். நண்பகலில் தார் இளகும். அப்போது அசையாமல் நிற்கும் நெல் லொறியின் சில்லும் மோட்டார் சைக்கிளின் தாங்கியும் தரையில் குழி பதிக்கும். சிந்திய டீசல் தாரையே கரைக்கும். உழவுக்குப் பூட்டும் இரும்புச் சில்லுடன் ஓர் உழவு இயந்திரம் திரும்பினால் போதும், மேற்பரப்பு பெயர்ந்துவிடும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய வீதிப் பரிசோதனை காட்டியபடி, அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு ஏற்படும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும். நூறு சைக்கிள் செய்யாததை ஒரு லொறி செய்துவிடும். எனவே லொறி நின்று ஏற்றும் இடத்தை மட்டும் கொங்கிறீற்றில் கட்டுவதே புத்தி. சந்தை கூடும் இரண்டு மூன்று நாட்களில் பிள்ளைகளை நிறுத்தி லொறி எத்தனை, லான்ட்மாஸ்டர் எத்தனை, சைக்கிள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் கால் ஏக்கர் தார் தேவையா, லொறிக்குக் கொங்கிறீற்றும் மற்றவற்றுக்கு நன்றாக இறுக்கிய கிறவலும் போதுமா என்று சங்கமே தீர்மானிக்கலாம். பல இடங்களுக்கு இரண்டாவதே போதும் என்பது எமது அபிப்பிராயம். சைக்கிளுக்கு வேம்பின் நிழல் போதும். அந்த வேம்பைத் தறிக்காதிருந்தால் சரி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசுவோம். தரிப்பிடம் என்று பெயர் வைத்தாலும், அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயப்போடுவார்கள். வீதியோரத்தில் ஒரு கண்ணை வாகனத்திலும் மறு கண்ணை நெல்லிலும் வைத்துக் காயவிடுகிற பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உச்சி வெயிலில் தார்த்தரையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். விதைநெல் 43 பாகைக்கு மேல் சூடேறினால் முளைதிறன் குறையும். சாப்பாட்டு நெல்லும் உள்ளே வெடித்து ஆலையில் குறுணலாகப் போகும். விலை குறைவது உங்களுக்கே. டீசல் மணம் ஏறினால் சொல்லவே வேண்டாம். திட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, வாகனம் ஏறாதபடி ஓரங்கட்டி, சிறு சரிவுடன் சீமெந்துக் களம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கும் படங்கு விரித்து, ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலத் தடிப்பில் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை துழாவி, உச்சிவேளையில் மூடிவைக்க வேண்டும். சேமிக்கும் நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இந்தக் களத்தை மதிப்பீட்டில் சேர்க்க மாதர் சங்கம் கூட்டத்தில் எழுந்து பேசாவிட்டால் வேறு யாரும் பேசப்போவதில்லை.

வேலையைக் காலபோக அறுவடை முடிந்து, மண் காய்ந்த பின் தொடங்குவது நல்லது. சூடான கலவை ஏறத்தாழ 150 பாகையில் வெளியேறும். 80 பாகைக்குக் கீழே ஆறினால் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. ஆகவே கலவை எங்கிருந்து வருகிறது, லொறி எத்தனை மணித்தியாலம் ஓடும், படங்கால் மூடி வருகிறதா என்பதைக் கேட்டுவையுங்கள். மழைத்தூறலில் கொண்டுவந்தால் இறக்க விடாதீர்கள். கடைசித் தவணைப் பணத்தில் ஒரு பங்கை அடுத்த மாரி முடியும்வரை பிடித்து வைப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் பெருமழை விட்ட கையோடு செயலாளரும் இரண்டு பேருமாகப் போய், நீர் தேங்கிய இடங்களைச் சுண்ணாம்பால் வட்டமிட்டு, ஒப்பந்தகாரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.