கைவிடப்பட்ட கதிர் மூலம் புகட்டும் பாடம்

1987 செப்டெம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து சீசியம்-137 அடங்கிய கருவிப் பகுதி பழைய இரும்பென எடுத்துச் செல்லப்பட்டது. இருளில் நீலமாய் ஒளிர்ந்த தூளைப் பலர் வியப்புடன் கையாண்டனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது.

கதிர்வீச்சு உயிர்க்கலத்தின் டீ.என்.ஏ. இழைகளை நேரடியாகவும், கலத்திலுள்ள நீரைச் சிதைப்பதன் மூலமும் அறுக்கின்றது. அறுந்த நிறமூர்த்தங்கள் சில தவறாக இணைந்து இருமைய வடிவம் பெறுகின்றன. பாதிக்கப்பட்டோரின் வெண்குருதிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, நுணுக்குக்காட்டியில் இவ்வடிவங்களை எண்ணினால் உடல் ஏற்ற கதிரளவைக் கணிக்கலாம். கொயானியாவிலும் இம்முறையே கைகொடுத்தது.

எனினும், ஆய்வுகூடம் அளப்பது நேர்ந்துவிட்ட சேதத்தையே. புற்றுநோயைத் தீர்க்கும் கதிர், கவனிப்பாரற்றுக் கிடப்பின் கொல்லும் நஞ்சாகும். பயன்முடிந்த கதிர் மூலங்களை இறுதிவரை காப்பது உரியோரின் தட்டிக்கழிக்க முடியாத கடமை என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.