கிருமியைக் கொல்லும் துணியும் நமது சவர்க்காரமும்

வைத்தியசாலைக்கு ஒரு நோயுடன் போகிறவர், சில வேளைகளில் வேறொரு நோயையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். சத்திரசிகிச்சைக் காயம் சீழ் பிடிக்கிறது. சலக்குழாய் போட்டவருக்குக் காய்ச்சல் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 பேரில் 15 பேருக்கு இத்தகைய தொற்று ஏற்படுகிறது. தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ நோயாளியைக் கொண்டுசெல்லும் குடும்பத்துக்கு இதன் பாரம் தெரியும். வார்ட்டில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்பேர் போகிறது. பஸ் காசு போகிறது. கரட் பாத்தியில் களை ஏறுகிறது.

துணியில் வாழும் கிருமி

இத்தொற்றுகள் பெரும்பாலும் கைகள் வழியாகவே பரவுகின்றன. ஆனால் துணிக்கும் பங்குண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியசாலைத் துணிகளிலும் பிளாஸ்டிக்கிலும் சீழ் உண்டாக்கும் கிருமிகளை இட்டுப் பார்த்தார்கள். அவை குறைந்தது ஒரு நாளாவது உயிரோடிருந்தன. சில 90 நாட்களுக்கு மேலும் உயிர் வாழ்ந்தன.

அப்படியானால் துணியே கிருமியைக் கொன்றால் என்ன? இந்த எண்ணம் புதியதல்ல. 1865இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தைக் கார்போலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் கட்டினார். அக்காலத்தில் அத்தகைய காயம் அழுகிக் காலை வெட்டுவதே வழக்கம். அச்சிறுவனோ ஆறு வாரங்களில் குணமடைந்தான்.

இன்று நூலுக்குள்ளேயே செம்பு, வெள்ளி, நாகம் ஆகிய உலோகங்களை மிக நுண்ணிய துகள்களாகச் சேர்க்கிறார்கள். ஈரம் பட்டதும் துகளிலிருந்து கசியும் உலோகம் கிருமியின் மேலுறையைச் சிதைத்து அதைக் கொல்கிறது. நமது நாட்டிலும் கொரோனாக் காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிருமியை அழிக்கும் முகக்கவசம் ஒன்றை உருவாக்கினார்கள்.

பலன் எவ்வளவு?

இஸ்ரேலிலுள்ள ரெயுத் வைத்தியசாலையில், மூளைக் காயமடைந்தோர் வார்ட்டில் ஆறு மாதம் சாதாரணத் துணியும் இன்னோர் ஆறு மாதம் செம்பு சேர்ந்த விரிப்பும் உடையும் பயன்படுத்தினார்கள். 2014இல் வெளியான முடிவின்படி தொற்று 24 வீதம் குறைந்தது. ஆனால் 2017இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட முடிவு வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவின் 40 தாதியர் கிருமிநாசினி சேர்ந்த உடையையும் சாதாரண உடையையும் மாறி மாறி அணிந்தார்கள். உடையில் ஒட்டிய கிருமியின் அளவில் வித்தியாசம் காணப்படவில்லை.

காரணம் எளிது. கிருமி உலோகத்தைத் தொட்டால்தான் சாகும். அதற்கும் நேரம் வேண்டும். இரத்தமோ அழுக்கோ நடுவில் படிந்தால் துணியின் வேலை தடைப்படும். தாதி அடுத்த நோயாளியிடம் போக ஒரு நிமிடம் போதும். ஆகவே இத்துணி நல்ல துணைதான். ஆனால் கழுவிய கைக்கு ஈடாகாது. கை கழுவுதலும் செலவு குறைந்த ஏனைய சுகாதார முறைகளும் சேர்ந்தால், இத்தொற்றுகளில் 70 வீதத்தைத் தடுக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நாம் செய்யக்கூடியவை

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் வீடும் நிலமும் இழந்து, ஒரே அறையில் பல குடும்பங்களாகத் தங்க நேர்ந்தவர்களுக்கும் இவை பொருந்தும்.

• நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். அவர் கட்டிலில் உட்கார வேண்டாம்.

• அழுக்கான விரிப்பை உதற வேண்டாம், சுருட்டி எடுங்கள். இரத்தம் பட்டிருந்தால், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

• சீழ் பட்ட துணியைச் சவர்க்காரமிட்டுத் துவைத்துக் கொதிக்க வையுங்கள். பிரித்தானிய வைத்தியசாலைகளில் 71 பாகை செல்சியஸ் சூட்டில் குறைந்தது மூன்று நிமிடம் துணி கழுவப்படுகிறது. நமது உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதுவே தாராளமாகப் போதும்.

• பனிமூட்டத்தில் துணி இரண்டு மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும். வெயில் கண்ட நேரம் வெளியே விரியுங்கள். ஈரம் மிஞ்சினால் சூடான அயன்பெட்டியால் தேயுங்கள்.

• ஆளுக்கொரு துவாய் வைத்திருங்கள். காயத்தைப் பழைய சேலைத் துண்டால் கட்டாமல், வைத்தியசாலையில் சுத்தமான கோஸ் கேட்டு வாங்குங்கள்.

"கிருமி எதிர்ப்பு" என்று எழுதிய துவாயோ காலுறையோ கடையில் கூடுதல் விலைக்கு வந்தால், எந்தக் கிருமிக்கு, எத்தனை முறை துவைக்கும் வரை என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், அந்தக் காசுக்குச் சவர்க்காரம் வாங்குவதே மேல்.